ஜெர்மனிக்குக் குடும்பத்தோடு வருகிறீர்களா? என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021 அக்டோபரில் கணவரின் வேலைக்காக ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தோம். அப்போது மகனுக்கு ஐந்து வயது, மகளுக்கு ஒன்றரை. அன்றிலிருந்து தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று மாதத்துக்கு ஒருவராவது போன் செய்கிறார்கள். விசா, சம்பளம் பற்றியெல்லாம் வேலைக்கு வருகிறவரே விசாரித்துக்கொள்கிறார். என்னிடம் வருவதெல்லாம் வீட்டுக் கேள்விகள். சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். நாங்கள் இருப்பது பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம். பள்ளி, கிண்டர்கார்டன் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும், அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செட்டில் ஆக எவ்வளவு நாள் ஆகும்?

எங்கள் வீட்டில் யாரைக் கேட்கிறீர்கள்? என் கணவர் மூன்று வாரம் என்பார். அவருக்குக் காலையில் எழுந்தால் போக ஓர் இடம் இருந்தது. அங்கே ஆங்கிலம் பேச ஆள், மதியம் சேர்ந்து சாப்பிட ஆள், கணினி மக்கர் செய்தால் கூப்பிட ஆள். மகன் கிண்டர்கார்டனில் சேர்ந்து ஐந்தாறு மாதத்தில் ஜெர்மனில் சண்டை போட ஆரம்பித்தான். அன்றைக்கே அவன் செட்டில். மகளுக்கு இதுதான் ஊர், வேறு ஊர் ஞாபகமே இல்லை. எனக்கு இரண்டு வருடம் ஆனது.

அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: உங்கள் நான்கு பேரில் காலையில் போக இடமில்லாதவர் யார்? பெரும்பாலும் மனைவி, சில வீடுகளில் கணவர். அவருடைய வேகத்தில்தான் மொத்தக் குடும்பமும் நகரும். சோபா, கார் எல்லாம் அப்புறம் வாங்கலாம். முதல் மாதத்திலேயே அவருக்கு வாரத்தில் இரண்டு நாளாவது வெளியே போக ஓர் இடம் பாருங்கள். மொழி வகுப்போ, நூலகமோ, சின்னக் குழந்தை வைத்திருக்கும் அம்மாக்கள் கூடும் இடமோ, எதுவானாலும் சரி. நாங்கள் முதலில் சோபா வாங்கினோம். பல மாதங்கள் நான் அதில்தான் உட்கார்ந்திருந்தேன்.

வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை என்ன?

அன்மெல்டுங். அதாவது, 'இந்த முகவரியில் நாங்கள் குடியிருக்கிறோம்' என்று ஊர் அலுவலகத்தில் பதிவது. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிப் படிவம் இல்லாமல் நடக்காது. சாவி வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் ஜெர்மன் மொழிபெயர்ப்பு கையில் இருக்கட்டும்.

வங்கி, மருத்துவக் காப்பீடு, குழந்தைகளுக்கான உதவித்தொகை, நூலக அட்டை எல்லாம் இந்தப் பதிவுக்குப் பிறகுதான். எதற்குப் போனாலும் 'டெர்மின்' இருக்கிறதா என்பார்கள். முன்பதிவு நேரம் என்று அர்த்தம். நான் முதலில் கற்றுக்கொண்ட ஜெர்மன் சொல் வணக்கம் அல்ல, இதுதான்.

எல்லாமே தபாலில்தான் வருமாமே, உண்மையா?

உண்மை. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். நாங்கள் அதிகம் பட்ட இடம் இதுதான்.

இங்கே கடிதம் வீட்டு எண்ணைப் பார்த்து மட்டும் வராது, பெயரைப் பார்த்து வரும். அடுக்குமாடிகளுக்குப் பெரும்பாலும் கதவு எண்ணே கிடையாது. கீழே தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரும் உறையில் இருக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டும். ஜெர்மன்காரர் வீட்டில் குடும்பப் பெயர் ஒன்றை ஒட்டினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. நம் கதை அப்படியா? என் கணவரின் பாஸ்போர்ட்டில் அவர் அப்பா பெயர் குடும்பப் பெயர், என்னுடையதில் என் அப்பா பெயர், பிள்ளைகளுக்குக் கணவரின் பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர். நாங்கள் கணவரின் குடும்பப் பெயரை மட்டும் ஒட்டினோம். எனக்கு வர வேண்டிய பதினொரு இலக்க வரி எண் கடிதம், என் காப்பீட்டு அட்டை, பிள்ளைகளின் கடிதம் எல்லாம் 'இப்படி ஒருவர் இங்கே இல்லை' என்று திரும்பிப் போய்விட்டன. நான் இந்த நாட்டில் இருக்கிறேன் என்பதே ஏழெட்டு வாரம் யாருக்கும் தெரியவில்லை. கீழ் வீட்டு அம்மா பார்த்துச் சொல்லித்தான் விஷயம் புரிந்தது. ஆகவே பெட்டியிலும் அழைப்பு மணியிலும் எல்லாருடைய குடும்பப் பெயரையும் முதல் நாளே ஒட்டிவிடுங்கள். கையால் எழுதிய துண்டுத்தாள் போதும்.

இன்னொன்று. அம்மா பெயரும் பிள்ளை பெயரும் வேறாக இருந்தால், நீங்கள் மட்டும் பிள்ளைகளோடு பயணம் செய்யும்போது எல்லையில் 'இது உங்கள் குழந்தைதானா' என்று கேட்கலாம். பிறப்புச் சான்றிதழ் நகலும் கணவர் கையெழுத்திட்ட ஒரு சம்மதக் கடிதமும் பையில் இருக்கட்டும்.

வந்த கடிதத்தைப் புரியவில்லை என்று அலமாரியில் செருகாதீர்கள். போனில் படமெடுத்து மொழிபெயர்த்தால் போதும். பெரும்பாலான கடிதங்களில் ஒரு கடைசித் தேதி இருக்கும். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் என்று வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கேட்டு ஒரு கடிதம் வரும். எங்களிடம் டிவியே இல்லை, யாரோ ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று அதைக் கிழித்துப் போட்டோம். டிவி இருக்கிறதா இல்லையா என்பது கணக்கே இல்லை, வீடு இருந்தால் கட்ட வேண்டும். அபராதத்தோடு கட்டினோம்.

வாடகை வீட்டில் சமையலறை இருக்காது என்கிறார்களே?

பல வீடுகளில் இருக்காது. சுவரில் தண்ணீர்க் குழாய் முனையும் மின் இணைப்பும் மட்டும் எட்டிப் பார்க்கும். அடுப்பு, தொட்டி, அலமாரி எல்லாம் நீங்கள் வாங்கிப் பொருத்த வேண்டும், அல்லது காலி செய்கிறவரிடம் பழையதை விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். விளம்பரத்தில் சமையலறை உண்டா என்று பார்த்துவிட்டு வீடு பார்க்கப் போங்கள். முன்பணம் மூன்று மாத 'குளிர் வாடகை' வரை கேட்கலாம், அதைச் சட்டப்படி மூன்று தவணையாகக் கட்டலாம். குளிர் வாடகை என்றால் தண்ணீர், வெப்பச் செலவு சேராத வெறும் வாடகை. இவற்றையும் சேர்த்தால் அது 'சூடான வாடகை'. மின்சாரம் பெரும்பாலும் இரண்டிலும் வராது. வீட்டைக் காலி செய்ய மூன்று மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும்.

சமையல் வாசனை பற்றி எல்லாரும் பயப்படுகிறார்கள். வாசனையைவிட ஆவிதான் பிரச்சினை. நாம் குக்கர் வைக்கிறோம், இட்லி அவிக்கிறோம், துணியை உள்ளேயே காயவைக்கிறோம். குளிர்காலத்தில் ஜன்னலையும் திறக்க மாட்டோம். பிப்ரவரியில் படுக்கையறை மூலையில் கருப்பாகப் பூஞ்சை வந்து நிற்கும். வீட்டுக்காரர் உங்களைத்தான் பார்ப்பார். வெளியே பூஜ்யம் டிகிரி இருந்தாலும் ஹீட்டரை அணைத்துவிட்டு, ஜன்னல்களை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை. இதற்கு 'லுஃப்டன்' என்று பெயர். இங்கே அதை ஏறக்குறைய ஒரு மதம் மாதிரி கடைப்பிடிக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி போடக் கூடாதாமே?

ஒரு நிமிடம் சட்னி அரைத்ததற்கு யாரும் போலீஸைக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் ஞாயிறு முழுக்க ஓய்வு நாள், மற்ற நாட்களில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை அமைதி. சுவரில் துளை போடுவது, வாக்குவம் கிளீனர், கிரைண்டரை அரை மணி நேரம் ஓடவிடுவது எல்லாம் சனிக்கிழமையோடு சரி. கடைகளும் ஞாயிறு மூடியிருக்கும், ரயில் நிலையக் கடைகளும் சில பேக்கரிகளும் தவிர. சனி மாலை பால் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தை அழுவதும் ஓடுவதும் சத்தக் கணக்கில் சேராது. அக்கம்பக்கத்தில் சிலர் முகம் சுளிப்பார்கள், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

குப்பை?

காகிதம், சமையலறைக் கழிவு, பிளாஸ்டிக் உறை, மற்றவை என்று தனித்தனித் தொட்டி. கண்ணாடி தெருமுனையில், நிறம் பிரித்து. அதையும் ஞாயிறு போட முடியாது, உடையும் சத்தம் கேட்கும். தண்ணீர், குளிர்பான பாட்டில்களைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், பெரும்பாலானவற்றுக்கு 25 சென்ட் முன்பணம் வாங்கியிருப்பார்கள். கடை வாசல் எந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். எங்கள் மகனின் பாக்கெட் மணியே அதுதான்.

எங்கள் பக்கத்தில் கூடுதலாக 'கேர்வோஹெ' என்று ஒன்று உண்டு. மாடிப்படியைக் கூட்டித் துடைக்கும் முறை வாரம். உங்கள் முறை வந்தால் கதவில் ஓர் அட்டை தொங்கும். படி சுத்தமாகத்தானே இருக்கிறது என்று கேட்காதீர்கள், துடையுங்கள். நான் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் மேல் மாடி அம்மா முதன்முதலாக நின்று பேசினார்.

கிண்டர்கார்டனில் இடம் கிடைக்குமா?

ஒரு வயது முடிந்த குழந்தைக்கு இடம் கேட்கும் உரிமை 2013 ஆகஸ்டிலிருந்து சட்டத்தில் இருக்கிறது. சட்டத்தில் இருப்பது வேறு, உங்கள் தெருவில் இடம் இருப்பது வேறு. மகனுக்குச் சீக்கிரம் கிடைத்தது, மகளுக்கு ஒன்றரை வருடம் காத்திருந்தோம். பதிவு முடிந்த அன்றே விண்ணப்பம் போடுங்கள். மாதம் ஒருமுறை மரியாதையாக நினைவூட்டுங்கள்.

தட்டம்மைத் தடுப்பூசி போட்டதற்குச் சான்று இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். 2020 மார்ச் முதல் அது சட்டம், பள்ளிக்கும் அப்படியே. ஊரில் போட்ட ஊசி அட்டையைப் பத்திரமாகக் கொண்டுவாருங்கள்.

இடம் கிடைத்தாலும் மறுநாள் விட்டுவிட்டு வர முடியாது. முதல் சில வாரம் பழக்குவார்கள். அம்மாவோ அப்பாவோ கூடவே உட்கார வேண்டும், முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு பத்து நிமிடம் வெளியே போய் நிற்பது, பிறகு அரை மணி என்று. ஊரில் அழ அழ விட்டுவிட்டு ஓடிவந்த எனக்கு இது அநியாயத்துக்கு நீளமாகத் தெரிந்தது. ஆனால் மூன்றாவது வாரம் மகள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். எனக்குத்தான் அழுகை வந்தது. வேலைக்குச் சேரும் தேதியை இந்த வாரங்களைக் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

மழையிலும் வெளியே விட்டு, பள்ளங்களில் தேங்கிய தண்ணீரில் குதித்து விளையாட விடுவார்கள். நனையாத கால்சட்டையும் ரப்பர் பூட்ஸும் வாங்கிக் கொடுத்துவிட்டு மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடம் எப்படி?

ஆறு வயதில் தொடங்கும், அரசுப் பள்ளிக்குக் கட்டணம் இல்லை. முதல் நாள் பிள்ளை உயரத்துக்கு ஒரு கூம்பு செய்து மிட்டாய், பென்சில் நிரப்பிக் கொடுப்பார்கள். இது எங்களுக்கு முன்கூட்டியே தெரியாது. முந்தைய நாள் மாலை இன்னொரு அம்மா சொல்லி, இரவு பதினொரு மணி வரை அட்டை வெட்டி ஒட்டினோம்.

வீட்டிலேயே வைத்துச் சொல்லிக் கொடுப்பது இங்கே அனுமதி இல்லை. விமானக் கட்டணம் குறைவாக இருக்கிறதே என்று விடுமுறைக்கு மூன்று நாள் முன்பே ஊருக்குக் கிளம்பவும் முடியாது, அபராதம் உண்டு. நம்மவர்களுக்கு அதிக அதிர்ச்சி தருவது நான்காம் வகுப்புதான். பல மாநிலங்களில் அதன் முடிவிலேயே பிள்ளைகள் வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிகிறார்கள். பத்து வயதில் தலையெழுத்தா என்று புலம்பாதவர் இல்லை. பின்னால் மாறிப்போக வழி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கணக்கைவிட நீச்சலைப் பற்றித்தான் மற்ற பெற்றோர்கள் என்னிடம் அதிகம் விசாரித்தார்கள். கடல்குதிரை படம் போட்ட ஒரு பேட்ஜ், 25 மீட்டர் நீந்தினால் கிடைக்கும். நீச்சல் வகுப்புக்கும் காத்திருப்புப் பட்டியல் உண்டு.

குழந்தைக்கு அரசாங்கம் பணம் தருமா?

கின்டர்கெல்ட். 2025-இல் ஒரு குழந்தைக்கு மாதம் 255 யூரோ. தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும், குழந்தையின் வரி எண் தேவை. தாமதமாகக் கேட்டால் முந்தைய ஆறு மாதத்துக்கு மட்டும்தான் சேர்த்துத் தருவார்கள்.

குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருந்தே தர மாட்டார்களாமே?

கிட்டத்தட்ட அப்படித்தான். முதல் குளிர்காலத்தில் மகன் கிண்டர்கார்டனிலிருந்து கொண்டுவராத கிருமி இல்லை. மூன்று நாள் காய்ச்சலோடு போனால் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, நிறையத் தண்ணீர் கொடுங்கள், தூங்கவையுங்கள் என்றார். என் கணவருக்குக் கோபம். ஊரிலிருந்து கொண்டுவந்த ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துவிடலாமா என்றார். கொடுக்கவில்லை, நான்காம் நாள் சரியானது. இப்போது யோசித்தால் மருத்துவர் சொன்னதுதான் சரி, நாம்தான் ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று பழகிவிட்டோம்.

உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு குடும்ப மருத்துவரையும் குழந்தை மருத்துவரையும் தேடிப் பதிந்துகொள்ளுங்கள், புதியவர்களை எடுப்பதில்லை என்று பலர் கைவிரிப்பார்கள். இரவிலோ வார இறுதியிலோ முடியவில்லை, ஆனால் உயிர்ப் பயம் இல்லை என்றால் 116117. ஆபத்து என்றால் 112. போலீஸ் 110. மூன்றையும் குளிர்சாதனப் பெட்டியில் எழுதி ஒட்டுங்கள். அரசு முறைக் காப்பீட்டில் ஒருவர் சம்பாதித்தால், வேலையில்லாத துணையும் பிள்ளைகளும் கூடுதல் கட்டணமில்லாமல் சேரலாம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று அம்மாவோ அப்பாவோ விடுப்பு எடுக்கவும் தனியாக நாட்கள் உண்டு. அப்பாவுக்கும் உண்டு என்பதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

ஜெர்மன் தெரியாமல் சமாளிக்க முடியுமா? நான் வேலைக்குப் போகலாமா?

சமாளிக்கலாம். சமாளித்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவுதான். அலுவலகத்தில் ஆங்கிலம் போதும் என்பது வேலைக்குப் போகிறவரின் உலகம். கிண்டர்கார்டன் ஆசிரியையும், மருத்துவர் வரவேற்பறையும், கீழ் வீட்டு அம்மாவும் ஜெர்மன்தான். வீட்டில் அதிகம் ஜெர்மன் தேவைப்படுகிறவர் அதைக் கற்க நேரமே இல்லாதவர்தான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே.

அரசின் ஒருங்கிணைப்பு வகுப்பு என்று ஒன்று உண்டு, 600 மணி நேரம் மொழி, 100 மணி நேரம் நாட்டின் சட்டம், வரலாறு. நான் அதில் சேர்ந்த நாளிலிருந்துதான் எனக்கு இங்கே வாழ்க்கை தொடங்கியது. உக்ரைனிலிருந்து வந்தவர், சிரியாவிலிருந்து வந்தவர், நான் என்று மூன்று பேர், மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஜெர்மன் மட்டும். வகுப்பில் கற்றதை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தால் இங்கே பேசுவது ஸ்வேபிய வழக்கு, அது வேறு பாடம்.

குடும்ப விசாவில் வந்த கணவனோ மனைவியோ எந்த வேலையும் செய்யலாம், தனி அனுமதி தேவையில்லை. ஊர் ஓட்டுநர் உரிமம் ஆறு மாதம்தான் செல்லும், அதன் பிறகு இங்கே எழுத்துத் தேர்வும் ஓட்டுநர் தேர்வும் எழுதியே ஆக வேண்டும்.

பிள்ளைகள் தமிழை மறந்துவிடுவார்களா?

நீங்கள் மறந்தால் மறப்பார்கள். வீட்டில் தமிழ் மட்டும் என்று வைத்துக்கொண்டோம்; ஜெர்மனை எங்களிடமிருந்து கற்றால் தப்பும் தவறுமாகத்தான் கற்பார்கள். 1980-களில் போர் காரணமாக வந்த ஈழத் தமிழர்கள் இங்கே பல ஊர்களில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் நடத்துகிறார்கள். ஹாம் நகரில் 2002-இல் எழுந்த காமாட்சி அம்பாள் கோயில் அவர்கள் கட்டியதுதான். என் மகன் சனிக்கிழமை வகுப்புக்குப் போய், இப்போது 'அம்மா, பிறகு கதைப்பம்' என்கிறான். என் மாமியார் போனில் கேட்டு, பையன் ஏன் கதை சொல்ல மாட்டேன் என்கிறான் என்றார்.

குளிர் தாங்குமா?

குளிருக்குச் சட்டை இருக்கிறது. இருட்டுதான் கஷ்டம். டிசம்பரில் காலை எட்டு மணிக்கு மேல் விடியும், மாலை நாலரைக்கு அடைந்துவிடும். மதியம் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு வெளியே நடந்துவிட்டு வாருங்கள். வீட்டிலேயே இருப்பவருக்கு இது மருந்து. வாரக்கணக்கில் காரணமில்லாமல் அழுகை, தூக்கம் என்று இருந்தால் ஊர் ஞாபகம் என்று தள்ளிவிடாமல் குடும்ப மருத்துவரிடம் சொல்லுங்கள். நான் சொன்னேன், சொன்னதில் தப்பில்லை.

கோடையில் ஊருக்கும் இங்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் மாறியதும் அம்மாவுக்குப் போன் செய்யும் நேரத்தை மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் தூங்கப் போனவரை எழுப்புவீர்கள்.

அப்பா அம்மாவை அழைத்து வைத்துக்கொள்ள முடியுமா?

வந்து போகலாம், 180 நாளில் 90 நாள் வரை. 30,000 யூரோவுக்குக் குறையாத பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். நிரந்தரமாக அழைத்து வைத்துக்கொள்வது மிகக் கடினம், அந்த நம்பிக்கையில் கிளம்பாதீர்கள். முதல் முறை மே மாதம் அழையுங்கள். என் மாமனாரை ஜனவரியில் கூட்டிவந்து, அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற கார்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

பெட்டியில் என்ன எடுத்து வர?

ஸ்வெட்டர் வேண்டாம், ஊரில் கிடைப்பது இங்கே காற்றுக்குத் தாங்காது. நெய், பால்கோவா, மாமிச வகைகள் எதுவும் வேண்டாம், ஐரோப்பாவுக்குள் பால், இறைச்சிப் பொருள்கள் கொண்டுவரத் தடை. கருவாடு மட்டும் பரவாயில்லை. கறிவேப்பிலைக்கும் மாம்பழத்துக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். தேங்காய்க்கு வேண்டாம், ஆனால் அது இங்கேயே கிடைக்கும். பருப்பு, புளி, மிளகாய்த்தூளும் ஈழத்துக் கடைகளில் உண்டு.

மிக்ஸி கொண்டுவாருங்கள், 230 வோல்ட்தான், பிளக்குக்கு மட்டும் ஓர் அடாப்டர் வேண்டும். குக்கர் கேஸ்கெட் இரண்டு. ஆனால் குக்கர் இன்டக்‌ஷன் அடுப்பில் நிற்குமா என்று காந்தம் ஒட்டிப் பாருங்கள். பிள்ளைகளின் ஊசி அட்டை, சான்றிதழ்கள் கைப்பையில். அப்புறம் பெயர் எழுத ஒரு கருப்பு மார்க்கரும் செல்லோடேப்பும் மேலாகவே வையுங்கள், தபால் பெட்டிக்கு.